டிவிக்கு ஸ்டிக் வாங்கப் போகிறீர்களா? மலையக வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் ஹட்டன், பண்டாரவளை, பதுளை டவுன் கடைகளில் டிவி இருக்கும் பக்கம் கூட்டம் கூடிவிடும். புது டிவிக்குக் காசு போதாதவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பழைய டிவியில யூடியூப் பார்க்க ஏதாவது இருக்கா?" கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். அட்டையில் 8கே, அதாவது மிக மிகத் தெளிவான படம், என்று போட்டிருக்கும். எல்லாச் சேனலும் ஃப்ரீ என்பார். வீட்டுக்கு வந்து மாட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதன்முறையாக வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டிக், பெட்டி என்று எந்தப் பெயரில் விற்றாலும் வேலை ஒன்றுதான். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால், வீட்டு வைஃபை வழியாக இணையத்தில் இருக்கும் வீடியோவை டிவிக்குக் கொண்டு வரும். எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்வியைப் பின்னால் பார்ப்போம். நம்ம பக்கத்தில் படம் நின்று நின்று ஓடினால், பெரும்பாலும் குற்றவாளி ஸ்டிக் அல்ல, சிக்னல். மாதம் முடியுமுன் படமே ஓடாமல் போனால் காரணம் டேட்டா. அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் இணையம்

கண்டி, நுவரெலியா, பதுளை நகரங்களில் ஃபைபர் இணைப்பு எடுக்க முடிந்த வீடு என்றால் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போகலாம். தோட்டங்களில் பெரும்பாலும் டயலொக், எஸ்எல்டி-மொபிட்டல், ஹட்ச் என்று ஏதோ ஒன்றின் 4ஜி ரூட்டர்தான் இருக்கும், அல்லது போனின் ஹொட்ஸ்பொட். அப்படியானால் இரண்டு விஷயங்களை அளந்து பாருங்கள்.

ஒன்று வேகம். போனை வைஃபையில் இணைத்து, டிவி இருக்கும் இடத்திலேயே நின்று, ஃபாஸ்ட் டொட் கொம் பக்கத்தைத் திறந்தால் வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்று காட்டும். காலை பத்து மணிக்குப் பார்த்து ஏமாற வேண்டாம். இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். எல்லாரும் வேலை முடிந்து வந்து போனை எடுக்கும் நேரம் அது, ஒரே டவரை ஊரே பங்கு போடும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி, சாதாரண எச்டிக்கு 3 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5, 4கே-க்கு 15 வேண்டும். இரவு எட்டு மணிக்கு 4 எம்பிபிஎஸ் வருகிற வீட்டில் 4கே கருவி வாங்குவதில் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது டேட்டா. இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. அதே நெட்ஃபிளிக்ஸ் கணக்கில், எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை சாப்பிடும், 4கே 7 ஜிபி வரை. தரத்தை நடுத்தரத்துக்கு இறக்கினால் 0.7 ஜிபி அளவில் நிற்கும். 100 ஜிபி பெக்கேஜை வைத்துக் கணக்குப் போடுங்கள். எச்டியில் 33 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நடுத்தரத்தில் பார்த்தால் 140 மணி நேரம், ஒரு நாளைக்கு நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. 32 அங்குல டிவியை ஒரு காம்பராவின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மாதக் கடைசியில் ரீலோட் போடும்போது நன்றாகவே தெரியும்.

பெக்கேஜில் ராத்திரி டேட்டா எவ்வளவு, பகல் டேட்டா எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். மொத்த அளவைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், சில பெக்கேஜ்களில் அதில் ஒரு பெரிய பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் செல்லும். விடிந்தால் பெரட்டுக்குப் போகிற வீட்டில் அந்த டேட்டா யாருக்கு? அதேபோல், போனுக்குப் போடும் யூடியூப் பெக்கேஜ் ஹொட்ஸ்பொட் வழியாக டிவிக்குப் போகும்போதும் செல்லுமா என்பதை ரீலோட் கடையில் கேட்காதீர்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கே அழைத்துக் கேளுங்கள். ஹொட்ஸ்பொட்டை மட்டும் நம்பினால் இன்னொரு தொல்லையும் உண்டு: போன் வெளியே போனால் டிவியும் நின்றுவிடும்.

சிக்னல் குறைவாக இருந்தால் புது ரூட்டருக்கு ஓடுமுன், இருக்கிற ரூட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். மலைநாட்டில் டவர் எந்த மலையில் இருக்கிறது என்பதுதான் எல்லாம். ஒரே லயத்தில் முதல் வீட்டுக்கு நாலு கோடு, கடைசி வீட்டுக்கு ஒரு கோடு வருவதும் இதனால்தான், நடுவில் ஒரு திருப்பம், ஒரு சவுக்கு வரிசை போதும். டவர் இருக்கும் திசை ஜன்னலில் ரூட்டரை வையுங்கள், தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். சில ரூட்டர்களின் பின்பக்கம் வெளி அன்டெனா மாட்டத் துளை இருக்கும். பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அது பெரிய உதவி. மழைக்கு டிஷ் சிக்னல் போவதுபோல 4ஜி உடனே போகாது. டிஷ்ஷுக்கு வரும் உயர் அலைவரிசையை அடைமழை விழுங்கிவிடும், 4ஜி அலைகளுக்கு அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. மழை நாளில் 4ஜி போனால், பெரும்பாலும் டவருக்குக் கரண்ட் போய் அதன் பெட்டரியும் தீர்ந்திருக்கும்.

டிவியின் முதுகைப் பாருங்கள்

டோர்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ என்று எழுதிய தட்டையான துளை இருந்தால் எந்த ஸ்டிக்கும் பொருந்தும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருந்தால் அது பழைய வகை. அதற்கும் வழி உண்டு, சின்னதாக ஒரு கன்வேர்ட்டர் வேண்டும். கடையில் கவனம்: எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு, அதாவது அந்த மூன்று வட்டத் துளைக்கு, மாற்றுவது ஒன்று, ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. மாற்றிய பிறகும் படம் சுமாராகத்தான் இருக்கும், எழுத்துகளைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டி வரும். பழைய பெட்டி டிவிக்கு ஸ்டிக்கும் கன்வேர்ட்டரும் வாங்கும் காசை, ஒரு பாவித்த எல்ஈடி டிவிக்குச் சேர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

டிவியே ஸ்மார்ட் டிவி என்றால் முதலில் அதிலேயே யூடியூப் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் எதுவும் வாங்க வேண்டாம். சில வருடம் பழைய ஸ்மார்ட் டிவிகளில் செயலிகள் ஆமை வேகத்தில் திறக்கும், சிலவற்றில் புதுப்பிப்பே வராது. அப்போது மட்டும் ஸ்டிக்கைப் பற்றி யோசியுங்கள். எதை எடுத்தாலும் டிவியை மாற்றும்போது ஸ்டிக்கைக் கழற்றிப் புது டிவியில் மாட்டிக்கொள்ளலாம், அது நட்டமில்லாத செலவு.

இப்போது கருவி

சந்தையில் இருப்பவற்றை இரண்டாகப் பிரியுங்கள்: கூகுளின் அல்லது ஒரு பெரிய நிறுவனத்தின் முறையான டிவி மென்பொருளோடு வருபவை, பெயர் தெரியாத பெட்டிகள்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். டி95, எக்ஸ்96, எம்எக்ஸ்கியூ என்று எழுத்தும் இலக்கமுமாகப் பெயர் வைத்த பெட்டிகள் புறக்கோட்டையிலும் கிடைக்கும், நம்ம டவுனிலும் கிடைக்கும். விலை குறைவு. உள்ளே ஓடுவது பல நேரங்களில் டிவிக்கான ஆன்ட்ராய்டு அல்ல, போனுக்கான ஆன்ட்ராய்டை டிவி போல வேஷம் கட்டி வைத்திருப்பார்கள். நெட்ஃபிளிக்ஸின் அனுமதி இல்லாததால், அட்டையில் 8கே என்றிருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் ஓடினால் 480 வரியில்தான் ஓடும், அது எச்டிக்கும் கீழான தரம். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் வைரஸ். 2023 ஜனவரியில், இணையத்தில் வாங்கிய ஒரு டி95 பெட்டிக்குள் தொழிற்சாலையிலேயே தீங்கு மென்பொருள் ஏற்றப்பட்டிருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பொக்ஸ் 2.0 என்ற, வைரஸ் ஏறிய கருவிகளின் வலையமைப்பு இப்படியான மலிவுப் பெட்டிகள் வழியாக வீட்டு இணையத்துக்குள் நுழைவதாகப் பொது எச்சரிக்கையே விட்டது. உங்கள் வீட்டு வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலியும் ஓடுகிறது. "எல்லாச் சேனலும் ஃப்ரீ" என்பதும் பெரும்பாலும் திருட்டு ஒளிபரப்பு. இன்று வரும் சேனல் நாளை வராது, கடைக்காரரிடம் போனால் "சேர்வர் போயிருச்சு" என்பார்.

சரி, வாங்கக்கூடியவற்றுக்கு வருவோம். நம்ம வீடுகளுக்கு என் முதல் தேர்வு, ஆன்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி மென்பொருளோடு வரும் ஷியோமி வகை ஸ்டிக் அல்லது சின்னப் பெட்டி. போனில் பார்த்துப் பழகிய ப்ளே ஸ்டோர் அப்படியே இருக்கும், போனில் பார்க்கும் வீடியோவை டிவிக்கு அனுப்பலாம் (காஸ்ட் என்பார்கள்), பழுதானால் தெரிந்த பையன் யாராவது பார்த்துக்கொடுப்பான். 2020இல் வந்த பழைய மி டிவி ஸ்டிக்கில் ராம், அதாவது செயலிகள் ஓடத் தேவையான நினைவகம், 1 ஜிபிதான், இப்போது வாங்கினால் செயலிகள் தடுமாறும். 2 ஜிபி ராமுக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். உள் இடம் 8 ஜிபி உள்ளவையும் விரைவில் நிறைந்துவிடும், நாலைந்து செயலியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அது போதும். 4கே என்று எழுதியிருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், இப்போது 2 ஜிபி ராம் உள்ளவை பெரும்பாலும் 4கே பெயரோடுதான் வருகின்றன. 4கே-க்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கூகுளின் குரோம்காஸ்ட் 2013இல் வந்தது. 2024 ஆகஸ்ட்டில் கூகுள் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, கூகுள் டிவி ஸ்ட்ரீமர் என்ற கருவியைக் கொண்டு வந்தது. அது நல்ல கருவி, 32 ஜிபி இடமும், ரூட்டரிலிருந்து நேரே வயர் மாட்ட லேன் கேபிள் துளையும் உண்டு, ஆனால் அமெரிக்க விலையே 100 டொலர். பாவித்த பழைய குரோம்காஸ்ட் மலிவாகக் கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்கச் சில நாட்கள் வேலை செய்யாமல் கிடந்தன. பிறகு சரிசெய்தார்கள். இவ்வளவு பழைய கருவிக்கு அடுத்த முறையும் சரிசெய்வார்களா என்பது கேள்வி.

அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் டுபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது கொண்டு வருவார்கள். பரிசாக வந்தால் தாராளமாகப் பாவியுங்கள், யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் ஓடும். காசு கொடுத்து வாங்குவதென்றால், அதில் கூகுள் ப்ளே ஸ்டோர் இல்லை என்பதையும், அமேசான் கணக்கின் நாட்டைப் பொறுத்துச் சில செயலிகள் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் அடாப்டர் நம்ம 13 ஆம்பியர் சதுரத் துளைக்கு அப்படியே பொருந்தும். இந்தியாவிலிருந்து வருவது உருண்டை முள். அமெரிக்காவில் விரும்பி வாங்கும் ரோகு ஸ்டிக்கை யாராவது கொடுத்தால்கூட இங்கே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது நம்ம நாட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. அப்பிள் டிவி என்ற பெட்டி, வீடு முழுக்க ஐபோன் இருப்பவர்களுக்கு.

வாங்குமுன் இன்னொரு வேலை: எதைப் பார்க்கப் போகிறீர்களோ அந்தச் செயலியைப் போனில் திறந்து, இலங்கையில் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தியச் செயலிகள் எல்லாம் இங்கே திறக்காது. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டும் 2016இலிருந்து இங்கே உண்டு, ஆனால் பெரும்பாலும் வங்கி அட்டை வேண்டும், அதில் இணையக் கொடுப்பனவைத் திறந்திருக்கவும் வேண்டும். பல வீடுகளுக்கு யூடியூப் ஒன்றே போதும். சக்தி டிவி செய்தி, கோயில் திருவிழா நேரலை, பழைய படம், பிள்ளைகளின் ஓ/எல் பாடம் எல்லாம் அதில் இருக்கிறது.

கரண்ட், இடி, பிளக்

ஸ்டிக்கோடு வரும் யூஎஸ்பி வயரை டிவியின் யூஎஸ்பி துளையிலேயே செருகிவிடும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஸ்டிக்குக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் 1 ஆம்பியர் வேண்டும். பழைய டிவியின் யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் திரும்பத் திரும்ப அணைந்து எழும்பும், கடையில் போய்ச் சண்டை பிடிப்போம். தனி அடாப்டர் போட்டுச் சுவரில் செருகினால் சண்டையே வராது. டிவியின் பின்பக்கத் தகடு வைஃபையை மறைத்தால், சில ஸ்டிக்குகளோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரில் மாட்டி வெளியே தொங்கவிடுங்கள். சூடும் குறையும்.

இடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் மேகம் கறுத்தால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். மின்னல் வீட்டுக்குள் வரும் வழி கரண்ட் வயர் மட்டும் அல்ல. டிஷ் கேபிள், அன்டெனா வயர், செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு எல்லாம் வழிதான். டிஷ் கேபிளில் வரும் அதிர்ச்சி டிவிக்குள் போய், எச்டிஎம்ஐ வழியாக ஸ்டிக்கையும் எரிக்கும். ஆகவே பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிய பிறகு கையை வைக்காதீர்கள், வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அதன் ரூட்டரின் பிளக் கடத்தும்.

திடீரென எகிறும் கரண்டைத் தடுக்கும் சேர்ஜ் ப்ரொடெக்டர் போட்ட எக்ஸ்டென்ஷன் கோட் வாங்கினால் தப்பலாமா? ஓரளவு. அதற்கு எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். பழைய லயன் வீடுகள் பலவற்றில் எர்த் பேருக்குத்தான் இருக்கும், அல்லது இருக்காது. அங்கே அந்த விலையுயர்ந்த பலகை கிட்டத்தட்ட சாதாரணப் பலகைதான். முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள், அது டிவிக்கு மட்டும் அல்ல, வீட்டில் உள்ள ஆட்களுக்கும்.

கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டும் சின்ன பெட்டரிப் பெட்டி, வாங்கலாம். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் கடைகளில் நிறைய வந்தவை இவை. ரூட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், பல ரூட்டர்களுக்கு 12 வோல்ட். டிவி அணைந்தாலும் போன்களுக்கு இணையம் இருக்கும்.

கடையில்

பெட்டியின் மேல் ஆன்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி சின்னம் இருக்கிறதா பாருங்கள். கடைக்காரரைக் கடை டிவியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். மாட்டியதும் செட்டிங்ஸுக்குள் போய் மொடல் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா, ராம் எவ்வளவு என்று பாருங்கள். ரிமோட்டில் குரல் பொத்தான் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள், அம்மா அப்பாவுக்கு எழுத்தைத் தேடித் தேடி அமுக்குவதைவிடப் பேசுவது சுலபம். கணக்குச்சீட்டில் கருவியின் பெயரையும் வொரண்டிக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். மின்னலில் எரிந்தால் வொரண்டி கிடைக்காது என்று சீட்டிலேயே சின்னதாக அச்சடித்திருப்பார்கள், அதைப் படித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

இணையத்தில் வாங்கினால், பொதியைத் திறக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. வேறு பொருள் வந்தால் அதுதான் ஆதாரம்.

வீட்டில் மாட்டும்போது

எச்டிஎம்ஐயில் செருகி, அடாப்டரைச் சுவரில் போட்டு, டிவி ரிமோட்டில் இன்புட் அல்லது சோர்ஸ் பொத்தானை அமுக்கி அந்த எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். முதன்முறை புதுப்பிப்பு என்று பெரிய அளவில் டேட்டா இறங்கும், முடிந்தால் ராத்திரி டேட்டா நேரத்தில் அதை ஓடவிடுங்கள். வைஃபை இரண்டு பெயரில் வந்தால், ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸையும், நடுவில் கருங்கல் சுவர் இருந்தால் 2.4-ஐயும் எடுங்கள். சுவரைத் தாண்டுவதில் 2.4தான் கெட்டிக்காரன். கூகுள் கணக்குக்கு வங்கி அட்டை இணைந்திருக்கும் உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போட வேண்டாம், டிவிக்கென்று புதிதாக ஒன்றைத் திறங்கள். பிள்ளைகள் பாவிக்கும் வீடென்றால் சிறுவர் சுயவிவரம் ஒன்று வைத்து, வாங்கும் பொத்தானுக்கு ஒரு ரகசிய எண் (PIN) போடுங்கள்.

பிறகு டேட்டாவைப் பூட்டுங்கள். பல ஆன்ட்ராய்டு டிவி கருவிகளில் நெட்வேர்க் செட்டிங்ஸுக்குள் டேட்டா சேவர் இருக்கும், அதைப் போடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் தரத்தை டிவியில் மாற்ற முடியாது, போன் அல்லது கணினியின் ப்ரவுசரில் கணக்கைத் திறந்து டிவியில் பார்க்கும் சுயவிவரத்துக்கு (ப்ரொஃபைல்) நடுத்தரம் என்று வைக்க வேண்டும். யூடியூபில் அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் ஓட்டோப்ளேயை நிறுத்துங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். டிவி ரிமோட்டில் அணைத்தால் டிவிதான் அணையும். சுவர் அடாப்டரில் ஓடும் ஸ்டிக் விழித்துக்கொண்டு, அடுத்த வீடியோ, அதற்கடுத்த வீடியோ என்று இருட்டுத் திரைக்கு ஓட்டிக்கொண்டே இருக்கலாம். டிவி செட்டிங்ஸில் சீஈசி என்ற வசதியைப் போட்டால் டிவியோடு ஸ்டிக்கும் தூங்கும். சில கம்பெனிகள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கும், சம்சுங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க். அது இல்லாத டிவியில், ஸ்டிக் ரிமோட்டின் ஹோம் பொத்தானை அமுக்கி வீடியோவை நிறுத்திவிட்டு டிவியை அணைக்கச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொடுங்கள்.